வெயிலடிக்கும் நாளில் மூடுபனித் திருவிழா

மருமகள்: சத்தமாப் படிங்க மாமா. கை கூசாம எழுதினீங்கல்ல? வாய் கூசாமப் படிங்க.

மாமனார்: எனக்கென்ன கூச்சம்? அந்தக் கண்ணாடிய எடு... ம்ம். “வாருங்கள், எதையும் பார்க்காதீர்கள்! எங்கள் துறைமுக நகரின் மூடுபனித் திருவிழா. மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதத்தின் முதல் சனிக்கிழமை, கடலும் கரையும் பனிக்குள் காணாமல் போகும். நாயின் முன்கால் எங்கே போகிறது என்று அதன் பின்காலுக்குத் தெரியாது.” அடடா!

மருமகள்: அடடாவை நான் சொல்லணும். நீங்க மேல படிங்க.

மாமனார்: “ஓய்வுபெற்ற இழுவைப் படகுக் கேப்டன் ஒருவர், இந்தப் பனியில் சாய்ந்து நின்றபடியே இருபது நிமிடம் தூங்கியிருக்கிறார்.” அது நான்தான்.

மருமகள்: தெரியும்.

மாமனார்: நிஜத்துல இருபத்தஞ்சு நிமிஷம். அடக்கமா இருக்கட்டுமேன்னு அஞ்சைக் குறைச்சேன்.

மருமகள்: மாமா... மணி பத்து. பதினொரு மணிக்கு நாப்பத்து மூணு பேரோட பஸ் வந்து இந்தச் சுற்றுலாத் தகவல் அறை வாசல்ல நிக்கப் போகுது. அந்த ஜன்னல் வழியாப் பாருங்க. என்ன தெரியுது?

மாமனார்: கடல் தெரியுது.

மருமகள்: அப்புறம்?

மாமனார்: கிரேன் ரெண்டு. சிமென்ட் ஆலை. ஆலைப் புகைபோக்கி. அது மேல ஒரு கடல்காக்கா.

மருமகள்: அந்தக் காக்கா கண்ணு சிமிட்டுறது கூடத் தெரியுது! இப்படி வெயில் பளிச்சுன்னு அடிக்குது. மூடுபனி எங்க மாமா?

மாமனார்: வழியில இருக்கும்.

மருமகள்: அய்யோ...

மாமனார்: கோவப்படாதே அம்மாடி. நேத்து காலையில பாத்தியா? என் மூக்கை நானே தேடிப் பிடிச்சுத்தான் சிந்தினேன். முந்தாநாள் பால்காரன் நம்ம வீடுன்னு நெனச்சு ஒரு கப்பல்ல பால் ஊத்திட்டு வந்துட்டான்.

மருமகள்: நேத்து இருந்துச்சு, முந்தாநாள் இருந்துச்சு. திருவிழா இன்னிக்கு! இன்னிக்குன்னு பாத்து வானம் கழுவித் தொடைச்ச தட்டு மாதிரி இருக்கு. நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? நாலு வரி. நாலே நாலு வரி. சுற்றுலாக் கையேட்டில வசந்தத்துக்குப் படகுகளுக்கு வர்ணம் பூசுற நாள் இருக்கு. கோடைக்கு...

மாமனார்: ...இழுவைப் படகு ரெண்டும் எதிரெதிரா நின்னு கயிறு இழுக்கிற போட்டி. ஒன்பது வருஷம் நான் ஜெயிச்சேன்.

மருமகள்: ரெண்டு வருஷம்.

மாமனார்: ஒன்பது தடவை சொல்லியிருக்கேன். கணக்கு நேராயிடும்.

மருமகள்: வருஷக் கடைசிக்குக் கிரேனுக்கெல்லாம் விளக்கு கட்டுற விழா இருக்கு. நடுவுல இந்தப் பக்கம் மட்டும் காலி. “துறைமுகத்தைப் பத்தி ஏதாவது எழுதிக் குடுங்க மாமா, நீங்க பழகின ஆளு”ன்னு கேட்டேன். இல்லாத திருவிழாவைப் பெத்துக் கையில குடுங்கன்னு கேட்டேனா?

மாமனார்: காலிப் பக்கத்தைப் பாத்தா எனக்குப் பொறுக்கல. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாங்கறாங்க. நாலு பொய் சொல்லி ஒரு திருவிழா பண்ணக் கூடாதா?

மருமகள்: நாலா? எண்ணினேன். பதினேழு.

மாமனார்: மொய் மாதிரி வெச்சுக்கயேன். கூடப் பதிமூணு.

மருமகள்: கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குன்னுவாங்க. உங்க புளுகு ரெண்டாயிரம் பிரதி அச்சாகி, நோட்டீஸாவும் ரயில் நிலையம் ரயில் நிலையமா ஒட்டி, ரெண்டு மாசமாச்சு. அதுவும் எப்பேர்ப்பட்ட புளுகு? “பனியைக் கத்தியால் துண்டு போடலாம்.” அது போதாதுன்னு, “ஜாடியில் அடைத்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம்”னு வேற!

மாமனார்: ஜாடியா?

மருமகள்: ஜாடிதான். கடைசி வரி.

மாமனார்: கத்தி என்னோடது. நாய் என்னோடது. ஜாடி... நான் ஜாடி எழுதலையே.

மருமகள்: பின்ன ஜாடி தானா வந்து உக்காந்துச்சா?

மாமனார்: நல்லாத்தான் இருக்கு. எழுதியிருந்தா பெருமையா ஒத்துக்குவேனே! எனக்கு ஏன் இது தோணல?

மருமகள்: முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. மறந்திருப்பீங்க.

மாமனார்: வயசாயிடுச்சுன்னு சொல்றியா?

மருமகள்: ஜாடியை விடுங்க மாமா! பன்னெண்டு மணிக்குள்ள மேலதிகாரி வராரு, ஞாபகம் இருக்கா? “இந்த மாசமும் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தா, தகவல் அறையைப் பூட்டிச் சாவியோட தலைமை அலுவலகத்துக்கு வந்துடு”ன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு. ரயில்ல ஏழு மணி நேரம். நான் போனா உங்க பேத்தியும் என்கூட வருவா. நீங்களும் உங்க மகனும் இங்க மொறைச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருங்க.

மாமனார்: அதுக்குத்தான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். கேளு. என் மகன் எங்க வேலை பாக்கறான்?

மருமகள்: வேணாம்.

மாமனார்: ஆலையில, பாய்லர்ல! ஒரு வால்வைத் திருகினா போதும், ஆவி கடற்கரை பூரா...

மருமகள்: ஷ்ஷ்! மெதுவாப் பேசுங்க.

மாமனார்: யாரு இருக்கா இங்க? அஞ்சாறு மாசமா இந்த அறைக்கு வந்த ஒரே ஆளு, கழிப்பறை எங்கன்னு கேட்டவர்தான்.

மருமகள்: உங்க மகன் வேலைக்கும் சேத்து உலை வெச்சுடாதீங்க. அந்தப் பேச்சை இத்தோட விடுங்க... கழிப்பறைன்னதும் ஞாபகம் வருது. இந்தாங்க.

மாமனார்: என்னது இது?

மருமகள்: பஸ்ல வரவங்க பட்டியல். நாப்பத்து மூணு பேர். காலையிலதான் வரிசையா உக்காந்து படிச்சேன். நாப்பத்து மூணு பேரும் கழிப்பறை கிட்ட இருக்கை வேணும்னு கேட்டிருக்காங்க.

மாமனார்: அது... மனுஷனுக்குப் பொதுவான ஆசைதானே.

மருமகள்: நாப்பத்து மூணு பேருக்கும் உப்பில்லாத சாப்பாடு.

மாமனார்: நாகரிகம் வளந்துடுச்சு.

மருமகள்: தொழில்ங்கற இடத்துல நாப்பத்து மூணு பேரும் “ஓய்வு”ன்னு எழுதியிருக்காங்க.

மாமனார்: உழைச்சு வாழ்ந்த ஜனங்க. அவங்கதான் பனி பாக்க...

மருமகள்: கழுவுற மீன்ல நழுவுற மீனா இருக்காதீங்க மாமா. நாப்பத்து மூணு பேருக்கும் ஒரே போன் நம்பர்.

மாமனார்: ஒரே குடும்பமோ என்னமோ.

மருமகள்: நம்ம வீட்டு நம்பர்.

மாமனார்: அடச்சே. அவனவன் நம்பரைக் கேட்டு எழுதச் சோம்பேறித்தனம். ஒரே ஒரு சின்னத் தப்பு. மத்தபடி வேலை சுத்தமா இருந்துச்சுல்ல?

மருமகள்: யாரு இவங்க?

மாமனார்: நம்ம பசங்கதான். பழைய படகு ஆளுங்க. கரையோரம் ஊர் ஊரா ஓய்வுல கெடக்கறாங்க. நங்கூரம், தார்ச்சட்டி, ஊதல் வாயன்... எல்லாரையும் எழுதிப் போட்டேன். கூட்டத்தைப் பாத்தா உன் மேலதிகாரி மனசு மாறிடுவாரேன்னு...

மருமகள்: நாப்பத்து மூணு பேர் பதிவாயிருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கு நான் என்ன பண்ணினேன், தெரியுமா? இந்த மேசைல தலையைக் கவுத்து வெச்சு அழுதேன். ஆறு வருஷமா இந்த மாசத்துல ஒரு ஜீவன் இந்த ஊரைப் பாக்கணும்னு கேட்டதில்ல. சாயங்காலம் இனிப்பு வாங்கிட்டு வந்தேன். நீங்களும் வாங்கித் தின்னீங்க!

மாமனார்: மூணு தின்னேன். ஆனா நாலாவதைத் திருப்பி வெச்சுட்டேன். சத்தியமா.

மருமகள்: சரி. போகட்டும். கிழவனோ குமரனோ, பஸ் நிறைஞ்சு வந்தா சரி. நாப்பத்து மூணு தலைன்னு மேலதிகாரி எண்ணிக்கட்டும்.

மாமனார்: அம்மாடி...

மருமகள்: இன்னும் என்ன?

மாமனார்: நேத்து போன் வந்துச்சு. நங்கூரத்துக்கு முட்டி வலி. அவன் வரலைன்னா தார்ச்சட்டி வரமாட்டான். ஊதல் வாயனுக்குப் பல் செட்டு காணாமப் போச்சு. அப்படியே ஒருத்தனைத் தொட்டு ஒருத்தன்...

மருமகள்: எத்தனை பேர் வராங்க?

மாமனார்: எண்ணிச் சொல்லணும்னா...

மருமகள்: மாமா!

மாமனார்: யாரும் வரலை. திட்டேன். ஏதாவது சொல்லு.

மருமகள்: என்னத்தச் சொல்ல? பாக்கறதுக்குப் பனியும் இல்ல, வர்றதுக்கு ஆளும் இல்ல. அவர் வருவாரு, பாப்பாரு, சாவியைக் குடுன்னுவாரு.

மாமனார்: நான் விளையாட்டுக்குப் பண்ணலை, தாயி. சரி, பாதி விளையாட்டுக்குத்தான். மீதிப் பாதி... உன் பொண்ணு ஏழு மணி நேரத் தூரத்துல போய் உக்காந்துட்டா, நான் திமிங்கிலத்தைக் காதைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த கதையை யாருக்குச் சொல்லுவேன்? அவ அப்பன் நம்பமாட்டான். அவனுக்குப் பத்து வயசுலயே நம்பிக்கை போயிடுச்சு.

மருமகள்: திமிங்கிலத்துக்குக் காது கிடையாதுன்னு அவளுக்கும் தெரியும் மாமா.

மாமனார்: தெரிஞ்சும் கேக்கறாளே... அதான் சொல்றேன். இரு. ஹாரன் சத்தம் கேக்குது?

மருமகள்: சிமென்ட் லாரி.

மாமனார்: லாரிக்கு இவ்வளவு மரியாதையா ஊதத் தெரியாது. பஸ்! அட, வந்துட்டாங்க பசங்க! முட்டி வலியாவது மண்ணாவது, எனக்காக வந்துட்டாங்க பாரு!

ஓட்டுநர்: அம்மா, மூடுபனித் திருவிழான்னு போட்டிருந்தது இதுதானா? மூணு பஸ் வந்திருக்கு. எங்க நிறுத்தட்டும்?

மருமகள்: மூணா?

மாமனார்: நங்கூரம் எந்த பஸ்ல இருக்கான்? நொண்டிக்கிட்டே இறங்குவானே, அவன்தான்.

ஓட்டுநர்: நங்கூரமா? இது பஸ்ஸுங்க ஐயா.

மருமகள்: நீங்க எங்கிருந்து வரீங்க? பதிவு பண்ணியிருக்கீங்களா?

ஓட்டுநர்: பதிவெல்லாம் இல்லம்மா. ரயில் நிலையத்துல நோட்டீஸைப் பாத்தாங்க, வண்டியைப் பிடிச்சாங்க. எங்க ஊர்ல வருஷத்துல முந்நூத்தி அறுபது நாள் வெயில். மீதி அஞ்சு நாள் அனல். கண்ணை மூடினாலும் வெளிச்சம் விடாது. எதையுமே பாக்க வேணாம்னு ஒரு திருவிழா இருக்குன்னதும் ஊரே கிளம்பிடுச்சு.

மாமனார்: நிஜமாவா? அந்த நாய்... முன்கால் பின்கால்... அதை நம்பினாங்களா?

ஓட்டுநர்: நாயைப் பாக்கணும்னுதான் மொதல் பஸ்ல சண்டையே. ஆமா, வந்ததுலேர்ந்து பாக்கறேன்... பனி எங்கம்மா?

மருமகள்: அது வந்து...

மாமனார்: எங்க ஊர்ப் பனி அரசாங்கப் பனி ஐயா. பதினொண்ணரைக்கு முன்னாடி வேலைக்கு வராது.

ஓட்டுநர்: ஹஹ்ஹா! சரி சரி, அதுவரைக்கும் இறங்கிக் கால் நீட்டட்டும். ஜாடி ஆளுக்கு ஒண்ணா, குடும்பத்துக்கு ஒண்ணா? இப்பவே கேக்கறாங்க. ரயிலைத் தவறவிட்டுட்டேன்னு கோட்டுப் போட்ட ஒருத்தர் நடுவழியில எங்க பஸ்ல ஏறினாரு. உக்கார இடமில்ல, ரெண்டு மணி நேரம் நின்னுக்கிட்டே வந்தாரு பாவம். உங்க மேலதிகாரியாம்.

மருமகள்: யாரு?

ஓட்டுநர்: மொதல்ல உர்ருன்னுதான் இருந்தாரு. இப்ப அவரும் வரிசையில நிக்கறாரு. வீட்டம்மாவுக்கு ஒரு ஜாடி தனியா எடுத்து வைக்கச் சொன்னாரு. நான் வண்டியை ஓரம் கட்டிட்டு வரேன்.

மாமனார்: அம்மாடி... அந்த நாற்காலிய இப்படித் தள்ளு. எனக்கே பயமா இருக்கு.

மருமகள்: உங்களுக்கா?

மாமனார்: எழுபத்தோரு வருஷமா கதை அளந்திருக்கேன், ஒருத்தனும் நம்பினதில்ல. அந்த நிம்மதியிலதான் இவ்வளவு நாள் அளந்தேன். இப்ப மூணு பஸ் ஜனம் நம்பிட்டு வந்து நிக்குதே! பதினொண்ணரைன்னு வேற வாய் தவறிச் சொல்லித் தொலைச்சுட்டேன். பதினொண்ணரைக்கு என்ன காட்டுவேன்?

மருமகள்: பதினொண்ணரைன்னு யாரு சொன்னா உங்களுக்கு?

மாமனார்: யாரும் சொல்லலை. வாயில வந்துச்சு.

மருமகள்: வீட்ல ஒட்டுக் கேட்டீங்களோன்னு நெனச்சேன். சனிக்கிழமைல ஆலையில பாய்லரைக் கழுவுவாங்க, எப்படியும் ஆவியை வெளிய விடணும். வழக்கமா மூணு மணிக்கு. போன வாரமே மேலாளர்கிட்ட எழுதிக் குடுத்து, பதினொண்ணரைக்கு மாத்திக் கையெழுத்து வாங்கிட்டேன். வால்வு கிட்ட நிக்கறது உங்க மகன்தான். காத்தும் ஆலையிலேர்ந்து இந்தப் பக்கம்தான் அடிக்குது. அரை மணி நேரம் தாங்கும்.

மாமனார்: அடிப்பாவி! நான் வால்வுன்னதும் “ஷ்ஷ்”னு அடக்கினியே!

மருமகள்: ஊர் பூரா டமாரம் அடிச்சுடுவீங்களே, அதான். எழுந்திருங்க. ஆவி வர்ற வரைக்கும் நீங்கதான் அவங்களைக் கட்டிப்போடணும். மீதிப் பதிமூணு புளுகும் இன்னிக்கு வேணும். இந்தாங்க சாவிக்கொத்து, மொதல்ல அந்தக் கீழ் அலமாரியைத் திறங்க.

மாமனார்: இது எதுக்கு இவ்வளவு பூட்டு... ஏய்! என்ன இது? ஒண்ணு, ரெண்டு... முந்நூறு இருக்கும் போலிருக்கே! எல்லாம் ஜாடி! கழுவி, மூடி போட்டு... சீட்டு வேற ஒட்டியிருக்கு. “அசல் மூடுபனி. திறந்தால் போய்விடும்.” அம்மாடி, இந்த ஜாடி வரியை எழுதினது...

மருமகள்: ஆறு வருஷமா உங்க கூட ஒரே வீட்ல குடித்தனம் பண்றேன்... தொத்திக்காதா, மாமா?