அடுப்பில்லாத அல்ப்ஸ்

…இல்லை அப்பா, இப்ப சொல்லமாட்டன். பகிடியைக் கேட்டால் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிப்பு வரும், அதுக்கு நான் பொறுப்பு. ஆனால் நேரத்தோடை சொல்லிப்போட்டால் பழுதாப் போயிடும். கெம்ப்டன் ஸ்ரேசன் போகட்டும். ஐயோ, எழும்பாதேங்கோ! கஷ்டப்பட்டு ஓடிவந்து நாலு பேருக்கும் இடம் பிடிச்சனான். நீங்கள் அங்காலை போனால் அந்தச் சைக்கிள்காரன் வந்து குந்திடுவான். அவன்ரை காலைப் பாருங்கோ, முழங்கால் மட்டும் சேறு.

முன்பெட்டிக்குப் போயிருக்கலாமோ? அப்பா, மியூனிக்கிலை ‘அவ்வளவு தூரம் ஆர் நடக்கிறது, பஞ்சியாக் கிடக்கு’ எண்டு சொன்னது ஆர்? நானோ? நீங்கள்தான். நான் சும்மா ‘ஓம் அப்பா, கடைசிப் பெட்டியே நல்லது’ எண்டு சொன்னனான், அவ்வளவுதான்.

அதோடை உங்களுக்கு நல்ல சீற்தானே தந்திருக்கிறன்? ரெயில் போற பக்கம் பாத்த சீற். அது எப்பவும் உங்களுக்குத்தான். மாறி இருந்தால் உங்களுக்குத் தலை சுத்தும், சத்தி வரும். தம்பி கவிஷனும் உங்களை மாதிரி எண்டு அவனும் உங்களுக்குப் பக்கத்திலை. எனக்கும் அம்மாவுக்கும் ஒண்டும் வராதுதானே, நாங்கள் இரும்பு. அம்மா எங்கட எசனிலையிருந்து முதுகைக் காட்டிக்கொண்டுதான் அல்ப்ஸுக்குப் போறா. எல்லா மரமும் அவவைத் தாண்டிப் போனதுக்குப் பிறகுதான் அவவுக்குத் தெரியும்.

மெதுவாக் கதையுங்கோ, நித்திரையாக்கும். சால்வையை முகத்திலை போட்டுக்கொண்டு கிடக்கிறா. நேற்று முழுக்க மியூனிக்கிலை செல்வராசா அங்கிள் வீட்டிலை ரோல்ஸ் சுருட்டினவ. விருந்தாளி நாங்கள். ரோல்ஸ் சுருட்டினது நாங்கள். ‘கலாதேவி அக்கான்ரை கை பட்டாலே தனி ருசி!’ எண்டு அங்கிள் பிளேட்டைத் தூக்கிக்கொண்டு திரிஞ்சார். அந்தக் கைக்கு இண்டைக்குப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கு, பாத்தனீங்களோ? பாக்கேல்லை. சரி.

எசனிலையிருந்து மாமி இருக்கிற லிண்டாவுக்கு நேரே போக வழி கிடக்கப்பா. இன்ரநெற்றிலை எடுத்துப் பிறின்ற் பண்ணியும் தந்தனான். ஆனால் நாங்கள் மியூனிக்காலை சுத்தி வாறம். ஏன்? பொறுங்கோ, உங்கட குரலுக்கு முதல் ஒரு செருமல் வேணும்… ம்ஹ்ஹ்ம்ம்! ‘பிள்ளை, செல்வராசா கோவிப்பான்.’ சரியா வந்துதோ? கவிஷன் சிரிக்கிறான், அப்ப சரி. மற்றச் சனம் தண்டவாளத்தைப் பாத்துப் பயணம் போகுது. நாங்கள் ஆர் கோவிப்பினம் எண்டு பாத்துப் போறம்.

மூண்டு மாசம் அப்பா! எங்கட ஹோலுக்குள்ளை மூண்டு மாசமா மகாநாடு. அல்ப்ஸிலை எங்கை தங்கிறது? எந்த ஊரை நடுவா வைச்சுக்கொண்டு மற்ற இடங்களைச் சுத்திப் பாக்கிறது? ஜேசுரட்ணம் அங்கிள் வந்தார். நெஞ்சை நிமித்திக்கொண்டு, இஞ்சை பாருங்கோ, இப்பிடி: ‘பரராசசிங்கம்! அல்ப்ஸ் எண்டால் சுவிஸ்தான். ஜேர்மன்காரன்ரை பக்கம் கிடக்கிறது மலையில்லை, மலையின்ரை மிச்சம்!’ அவர் சுவிஸ் முழுக்கக் கரைச்சுக் குடிச்சவர். உலகக்கிண்ணத்துக்கெண்டு வாங்கின ரீவியிலை படமெல்லாம் போட்டுக் காட்டினார். படம் முழுக்க அவற்றை கார். மலை எங்கை அங்கிள் எண்டு கேட்டால், ‘காருக்குப் பின்னாலை நிக்குதெல்லோ, கண் தெரியேல்லையோ?’

கவிஷன் கம்பியிலை தொங்கிப் போற கார் வேணுமெண்டான். நான் ஒபர்ஸ்டோர்ஃப் எண்டன். சின்ன ஊர், சுத்திவர மலை, ஸ்ரேசனிலை இறங்கினால் மூக்கு மலையிலை முட்டும். ஆராவது கேட்டியளோ? ‘அங்கை ஆர் இருக்கினம்?’ எண்டு கேட்டியள். ஒருத்தரும் இல்லை அப்பா, அதுதானே அந்த ஊரின்ரை அழகு!

அம்மா என்ன சொன்னவ? யோசிச்சுப் பாருங்கோ. ஓம்… ‘தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ?’ அதுதான் மூண்டு மாச மகாநாட்டிலை அம்மா சொன்ன ஒரேயொரு கருத்து.

பேந்து தீர்ப்பு. ம்ஹ்ஹ்ம்ம்! ‘என்ரை கூடப்பிறந்த அக்கா லிண்டாவிலை இருக்கேக்கை நான் ஹோட்டலிலை போய்ப் படுக்கிறதோ? சனம் என்ன சொல்லும்?’ எந்தச் சனம் அப்பா? அந்த மலையிலை நிக்கிறது முழுக்க மாடு. மாடு எங்கட வீட்டுக் கதை கதைக்காது.

நான் யோகம் மாமியைக் குறை சொல்லேல்லை. மாமி தங்கமானவ. ‘கலாதேவி, நீர் இரும், நான் செய்யிறன்’ எண்டுவா. சொல்லிப்போட்டு அவ இருப்பா. ‘தம்பி குடும்பம் வந்திருக்கு!’ எண்டு சூரிச்சுக்குச் சொல்லுவா, பிரெகன்ஸுக்குச் சொல்லுவா, அங்கத்தைச் சொந்தக்காரர் தங்கட விருந்தாளியளையும் ஏத்திக்கொண்டு வருவினம். அம்மா இடியப்பம் பிழிவா. ஒவ்வொரு வருசமும் எங்கட சூட்கேசிலை என்ன வருது? மற்றச் சனத்துக்கு மலையேறுற சப்பாத்து. எங்களுக்கு இடியப்ப உரல்! ‘யோகத்தின்ரை உரல் இறுக்கம், கை நோகும்’ எண்டு அம்மா தன்ரையைக் கொண்டு வருவா.

போன முறை அல்ப்ஸ் பாத்தனாங்களோ? பாத்தனாங்கள்! மாமி வீட்டுக் குசினி ஜன்னலாலை ஒரு மலை தெரிஞ்சது. அதிலையும் பாதியை அடுத்த வீட்டுக்காரன்ரை சட்டலைற் டிஷ் மறைச்சுக்கொண்டு நிண்டது. எங்கட வீட்டிலை அல்ப்ஸைக் கனக்கப் பாத்த ஆள் அம்மாதான், ஏனெண்டால் ஜன்னலுக்குக் கீழைதான் அடுப்பு.

வருசம் முழுக்க முதியோர் இல்லத்துக் குசினியிலை உருளைக்கிழங்கு உரிக்கிறா. ஒரு கிழமை லீவு எடுத்துக்கொண்டு லிண்டாவிலை போய் வெங்காயம் உரிக்கிறா. ஓய்வு எண்டால் ஒரு மாற்றம்தானே அப்பா! கிழங்கிலையிருந்து வெங்காயத்துக்கு மாற்றம்.

என்ன? அம்மாவுக்குச் சமைக்கிறது விருப்பமோ? கேட்டனீங்களோ? …ஆ, கேக்கத் தேவையில்லை. பதினெட்டு வருசம் குடும்பம் நடத்தினால் கேக்காமலே தெரியும். சரி சரி, கோவிக்காதேங்கோ. முகத்தை உப்பிடி வைச்சால் பகிடி சொல்லேலாது.

கெம்ப்டன் போட்டுதோ? போட்டுது, ஓம். அதுக்கென்ன, கெம்ப்டன் போனால் சொல்லுறன் எண்டுதானே சொன்னனான், போன உடனை எண்டு சொல்லேல்லையே.

அது ஒண்டுமில்லை, ஸ்பீக்கரிலை சும்மா கத்துறான். அதைக் கேக்காதேங்கோ. ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்லுறான். நான் அவனைச் செய்து காட்டட்டோ? மூக்கைப் பொத்திக்கொண்டு, வாய்க்குள்ளை அரை உருளைக்கிழங்கு: ‘மைன ஃபெரேர்ட்டன் ஃபார்கேஸ்டே! வ்வ்வ்ர்ர்… சூக்டைல்… வ்வ்வ்ர்ர்… பிட்டே!’ ஓம், சத்தமாத்தான் செய்யோணும், இல்லாட்டி அவன்ரை ருசி வராது. ‘வ்வ்வ்ர்ர்… பிட்டே! டங்கே!’ முடிச்சிட்டான். பாத்தியளோ, ஒண்டும் முக்கியமில்லை. சாமானைக் கவனமா வைச்சிருக்கட்டாம்.

சரி, இப்ப பகிடி. காலை நீட்டிச் சாய்ஞ்சிருங்கோ.

டோர்ட்மண்டிலை எனக்கொரு சிநேகிதி. பேர் கேக்காதேங்கோ, வீட்டிலை தெரிஞ்சால் அவளுக்கு அடி விழும். அவளும் என்னை மாதிரி ஆரின்ரை குரலும் செய்வாள். அவளின்ரை அப்பாவும் உங்களை மாதிரி… இல்லையில்லை, உங்களை மாதிரி இல்லை, அவர் கொஞ்சம் மொக்கு. அவருக்கும் ஒரு அக்கா இருக்கிறா, லீவெண்டால் அங்கைதான் போகோணும். போனால் இவளின்ரை அம்மா குசினிக்கை. சிநேகிதிக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. ஒரு நாள் ரெலிபோனை எடுத்தாள், அப்பான்ரை குரலைப் போட்டாள். அவருக்கும் ஒரு செருமல் இருக்கு, என்ன அதிசயம்! ம்ஹ்ஹ்ம்ம். ‘அக்கா, இந்த முறை வரேலாது போலை கிடக்கு. கலாவுக்கு…’ இல்லை, ‘மனிசிக்கு லீவு கிடைக்கேல்லை.’

இவள், மாமி அழப்போறா, சாபம் போடப்போறா எண்டு பாத்துக்கொண்டிருக்க, மாமி என்ன சொன்னவ தெரியுமோ? ‘உண்மையாவோ தம்பி?’ குரல் பூ மாதிரி! ‘சரி சரி, அதுக்கென்ன… நான் மெத்தை இரவல் கேக்க அலைஞ்சு திரியிறன், இனித் தேவையில்லை. எனக்கும் நாரிப்பிடிப்பு, குனியேலாது. நீர் ஒண்டும் யோசியாதையும்.’ பாவம் மனிசி. இவ்வளவு காலமும் அவையள் தம்பி குடும்பம் எண்டு போய் இறங்க, அவவும் ‘வரவேண்டாம்’ எண்டு சொல்லேலாமல் மெத்தை தேடிக்கொண்டிருந்திருக்கிறா!

சிரிக்கிறியள்! பொறுங்கோ, இது பகிடிக்கு முன்னுரை.

அடுத்த நாள் இவள் மாமியின்ரை குரலிலை அப்பாவுக்கு எடுத்தாள். ‘தம்பீஈஈ! வாறியள்தானே? நெத்தலி வாங்கி ஃப்றீசருக்கை போட்டுட்டன்!’ அந்த மனுசன் நெத்தலியைக் கேட்ட உடனை உருகிப்போனார். ஒருக்கால் திருப்பி எடுத்துக் கேப்பம் எண்ட யோசினையே இல்லை. ஓம் அப்பா, நீங்கள் சொல்லுறது சரி, சுத்த விசரன்தான். பெத்த பிள்ளையின்ரை குரலும் தெரியாது, கூடப்பிறந்த அக்கான்ரை குரலும் தெரியாது. சொல்லுங்கோ, இன்னும் சொல்லுங்கோ, நான் அவளுக்குச் சொல்லிவிடுறன்.

என்ன? உங்களுக்கும் யோகம் மாமி நெத்தலி எண்டுதான் சொன்னவவோ? அது… எல்லா மாமிமாரும் நெத்தலிதான் வாங்குவினம் போலை. மலிவாப் போட்டிருப்பான்.

இது இம்மன்ஸ்டாட். இல்லை, இறங்கத் தேவையில்லை. இதிலை கனநேரம் நிக்கும். சிகரெட் பேந்து பத்தலாம். கேளுங்கோ, முக்கியமான கட்டம்! இவள் மலைக்குள்ளை இடம் தேடினாள். கனக்கப் பேருக்கு எடுத்தாள். கடைசியா ஒரு கிழவி. பவேரியாக் கிழவி, கிணத்துக்குள்ளையிருந்து கதைக்கிற மாதிரி: ‘குறூஸ் கொட்! மன்னிக்கோணும், எங்கட அறையளிலை சமைக்கேலாது. காலமையும் இரவும் சாப்பாடு நாங்கள்தான் தாறது.’ இவள் கேட்டாள், ‘அடுப்பு இல்லையோ?’ ‘இல்லை.’ ‘ஒரு சின்ன அடுப்பும்?’ ‘இல்லை, மன்னிக்கோணும்.’ ‘தேத்தண்ணி வைக்கக்கூட?’ ‘கீழை கேட்டால் நாங்கள் போட்டுத் தருவம்.’ ‘அப்ப அதைத்தான் தாங்கோ!’

ஓம், டங் எண்டு இடிச்சு ஆடுதுதான். அது ரெயில்காரர் ஏதோ கொளுவினம், கழட்டினம், அவையின்ரை வேலை. கவிஷன், வெளியிலை பாத்துக் கத்தாதை, வாயை மூடு. அவன் சின்னப்பெடியன் அப்பா, பெட்டி போகுது பெட்டி போகுது எண்டுவான். என்னைப் பாருங்கோ.

இவள் அம்மாட்டைச் சொன்னவளோ எண்டுதானே கேக்கிறியள்? வெளிக்கிடுறதுக்கு முதல் நாள்தான் சொன்னவள். பயந்து பயந்து. அம்மா ‘ஓம்’ எண்டும் சொல்லேல்லை, ‘ஏலாது’ எண்டும் சொல்லேல்லை. அறைக்குள்ளை போய், கட்டிவைச்ச சூட்கேசைத் திறந்து, இடியப்ப உரலை எடுத்து அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டிப்போட்டு வந்தவ. அவ்வளவுதான். அடுத்த நாள் அப்பா சூட்கேசைத் தூக்கிப்போட்டு, ‘இந்த முறை பாரமில்லையே!’ எண்டு சந்தோசமா…

அப்பா? என்ன, முகம் ஒரு மாதிரிப் போகுது? தலை சுத்துதோ?

ஓம். பின்னாலைதான் போகுது.

பழுதில்லை அப்பா. இம்மன்ஸ்டாட்டிலை ரெயில் ரெண்டாப் பிரியும், அதைத்தான் ஸ்பீக்கர்காரன் மூக்காலை சொன்னவன். முன்பெட்டியெல்லாம் லிண்டாவுக்குப் போட்டுது. பின்பெட்டி இப்பிடித் திரும்பி ஒபர்ஸ்டோர்ஃபுக்கு.

ஓம்… இடியப்ப உரல் எங்கட வீட்டு அலுமாரியிலைதான் கிடக்கு. டோர்ட்மண்டிலை எனக்கு ஒரு சிநேகிதியும் இல்லை.

மாமிக்கு எடுக்கப் போறியளோ? எடுங்கோ. ஆனால் செருமாதேங்கோ, செருமினால் ஆதிரைதான் கதைக்கிறாள் எண்டு நினைப்பா. நேற்றே உண்மையைச் சொல்லிப்போட்டன். இன்னும் சிரிச்சுக்கொண்டிருக்கிறா.

தலை சுத்தினால் என்ரை இடத்துக்கு வாங்கோ அப்பா, இப்ப இதுதான் போற பக்கம் பாத்த சீற். நான் அங்காலை வாறன். இல்லை, ஜன்னல் கரை கேக்காதேங்கோ, அது அம்மான்ரை. அங்கை பாருங்கோ, சால்வையை எடுத்துட்டா. கண்ணிலை நித்திரையே இல்லை. மலையெல்லாம் நேரே அவவுக்கு முன்னாலை வருது…

அம்மா! ஏன் இப்பவே சிரிக்கிறியள்? பொறுங்கோ, நான் இன்னும் பகிடியைச் சொல்லி முடிக்கேல்லை!