மீதி 1732

பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மற்றபடி என் மாமனார்மேல் எனக்கு எந்தப் பகையும் இல்லை, ஐயா.

நான் கணக்கு வாத்தியார். அவரும் கணக்குப் பைத்தியம். போன வருடம் இதயமும் ஞாபகமும் ஒருசேரத் தகராறு செய்யவே எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். பொழுது போகட்டும் என்று நான்தான் அந்த எண்ணைக் கொடுத்தேன்: 58,82,353. சுத்தமான எண். 588, 2353 என்று இரண்டாக வெட்டி, இரண்டின் வர்க்கத்தையும் கூட்டினால் அதே எண் திரும்பி வரும். அது பகா எண்தானா என்று கையால் கண்டுபிடிக்க, 2 முதல் 2423 வரையுள்ள முந்நூற்று அறுபது பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றிலாவது மீதி இல்லாமல் போனால் அது பகா எண் இல்லை.

நாளுக்கு ஒரு கணக்கு, ஒரு தாள். மாத்திரை போட்டோமா என்பதே அவருக்கு மறந்துபோகும் என்பதால் என் மனைவி ஓர் ஏற்பாடு செய்தாள். மீதியை எழுதியதும் மாத்திரை, உடனே தாளில் ஒரு டிக். இதய மாத்திரை, நாளுக்கு ஒன்றுக்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னிடமும் சொல்லியிருந்தார்.

திருத்துவது என் பொறுப்பு. தாளெல்லாம் எச்சில். இருமினால் 7-க்கும் 9-க்கும் நடுவில் சளி வந்து உட்காரும். பல்செட்டைக் கழற்றி என் தம்ளர் பக்கத்தில் வைப்பார். எனக்குக் குமட்டிக்கொண்டு வரும். முந்நூற்று அறுபது நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கணக்கு அன்று காலை பதினொரு மணிக்கு முடிந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அவர் 2423-ஆல் வகுத்து, மாத்திரையை விழுங்கி, டிக் போட்டு, ஈரத்தாளை நீட்டினார்.

"முடிஞ்சுது மாப்ள. அடுத்து இதைவிடப் பெருசா ஒண்ணு குடுங்க. ஒன்பது இலக்கம், பத்து இலக்கம்... எனக்கென்ன அவசரம்?"

எச்சில் என் விரலில் ஒட்டியது.

"மீதி தப்பு மாமா. மறுபடி போடுங்க."

தப்பான தாளை அவர் வைத்திருக்க மாட்டார், சுக்குநூறாகக் கிழித்துவிடுவார். டிக்கும் அதோடு போய்விடும். புதுத் தாள், வகுத்தல், மீதி, மாத்திரை, டிக்.

"இப்ப சரியா?"

"இல்ல மாமா."

நாலாவது தடவை, "என் மூளையே மழுங்கிப்போச்சு மாப்ள" என்று அழுதார். மூக்கு ஒழுகித் தாளில் சொட்டியது. பார்க்கச் சகிக்கவில்லை. ஆறாவது மாத்திரைக்குப் பிறகு டிக் போடாமலே மேசையில் சாய்ந்தார்.

நான் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு ஒரு வெள்ளைத்தாளில், 58,82,353 பகா எண் என்று அவர் பெயரிலேயே எழுதிவைத்தேன். மனுஷன் பட்ட பாடு வீணாகக் கூடாது. அந்த மாத்திரை டப்பாவை நான் தொடவே இல்லை, ஐயா. கணக்கைத்தான் திருத்தினேன்.

குப்பைக்கூடையில் கிடந்த துண்டுகளை ஒட்டிப் பார்த்ததாகச் சொன்னீர்கள். அப்படியானால் உங்களுக்கே தெரிந்திருக்கும். ஒவ்வொரு தாளிலும் மீதி 1732. முதல் தடவையே சரியாகத்தான் போட்டிருந்தார்.