ஆண்கள் வராத வாசல்

அவைக்குத் தலைமையேற்று, கையருகே மணியையும் கண்ணருகே கடிகாரத்தையும் வைத்துக்கொண்டு வீற்றிருக்கும் ஓய்வுநிலைப் பாடசாலை அதிபர் அப்புத்துரை ஐயா அவர்களே! ஆசி வழங்க வந்திருக்கும் குருக்கள் ஐயா அவர்களே! அருட்தந்தை அவர்களே! கரம்பொன் மண்ணின் மூத்தோரே! கடலோடு மல்லுக்கட்டிக் களைத்த உடம்போடு வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மாரே! அணைத்தேனா இல்லையா என்று இன்னமும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய்மாரே! விடுமுறைக்கு வந்து இந்த வெக்கையில் வாடும் வெளிநாட்டு உறவுகளே! உங்கள் எல்லோரையும் இந்த ஊர் பெற்ற மகள் பிரியவதனி கைகூப்பி வணங்குகிறேன்.

நமது சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா அழைப்பிதழில் என் உரைக்கு 'மகளிர் நலம்' என்று தலைப்பு அச்சாகியிருக்கிறது. நான் கொடுத்த தலைப்பு அதுவன்று. பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்வது ஆண்களின் இனப்பெருக்க நலம். ஆண்களால் நேரும் பிள்ளைப்பேறின்மை. அதை அச்சடிக்கக் கூச்சமாக இருந்ததாம். கூச்சம் பெரியதுதான். என் பிடிவாதம் அதைவிடப் பெரியது. ஆகவே அச்சேறாததை இன்று அவையேற்றுகிறேன்.

பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள் தம்பிமாரே, நானும் முதல்நாள் வகுப்பில் சிரித்தவள்தான். ஓம் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை, நீங்கள் சொன்னதும் கேட்டது. கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் குரல் கடலுக்கே கேட்கும், எனக்குக் கேளாதா? "பொம்பிளைப் பிள்ளை பேசிற கதையோ இது?" என்கிறீர்கள். பொம்பிளையள் சுமக்கிற கதை அண்ணை. சுமக்கிறவை பேசவும் வேணுமெல்லோ?

நான் இந்தப் படிப்பை எடுத்தபோது எனக்கு ஊர்காவற்றுறையில் ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். சாதகம் பொருந்தியது. குடும்பம் பொருந்தியது. படிப்புப் பொருந்தவில்லை! "ஆம்பிளையளைப் பாக்கிற படிப்பாமே" என்று சொல்லி எழும்பிப் போனார்கள். அன்று அழுதேன். வாய்விட்டு அழுதேன். ஆனால் படிப்பை விடவில்லை. ஏன் விடவில்லை? பயிற்சிக்குப் போன மருத்துவமனை வாசலில் நான் கண்ட காட்சி என்னை விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் நான் பயிற்சி பெறும் சிகிச்சைக் கூடத்துக்கு யார் வருகிறார்கள்? பெண்கள் வருகிறார்கள். தாயோடு வருகிறார்கள், தமக்கையோடு வருகிறார்கள், தனியே வருகிறார்கள். ஊசி ஏற்றியது யாருக்கு? பெண்ணுக்கு. விரதம் இருந்தது யார்? பெண். தொட்டில் கட்டியது யார்? பெண். அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம் என்று ஒரு பழமொழி சொல்லிச் சிரிக்கிறோமே, அந்த மரத்தைச் சுற்ற எந்தப் புருஷனையாவது அனுப்பினோமா? பிள்ளையில்லாத வீடுகளில் ஏறக்குறையப் பாதி வீட்டில் ஆணின் உடம்பிலும் காரணம் இருக்கிறது. அந்த ஆண் எங்கே? எதிர்க்கடையில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருக்கிறார்! பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஒரு வீட்டின் கதையைச் சொல்கிறேன். பெயரோடு சொல்கிறேன். அந்த வீட்டார் இருவரும் சம்மதித்த பிறகே சொல்கிறேன்.

நெடுந்தீவில் ஜெயரூபன் என்று ஒரு கடற்றொழிலாளி. மனைவி நிலாந்தினி. கலியாணமாகி ஆண்டுகள் போய்விட்டன, பிள்ளை இல்லை. நிலாந்தினிக்குச் செய்யாத சோதனை இல்லை. எல்லாம் நன்றாகவே வந்தது. "உங்கடை அவர் ஒருக்கா வரவேணும்" என்றேன். "அவருக்கு ஒண்டுமில்லை மிஸ், கல்லிலையும் நார் உரிப்பார்" என்றாள். கல்லில் நார் உரிக்கலாம் அம்மா, கடலைக் கலக்கலாம். கண்ணுக்குத் தெரியாத விந்தணு கைபலத்தைப் பார்த்தா பிறக்கிறது?

கடைசியில் ஜெயரூபன் ஒத்துக்கொண்டார். ஆனால் சோதனைக்கான விந்தை மருத்துவமனையில் வைத்துக் கொடுக்கமாட்டார். காலைப் படகில் வருகிற பாதிப்பேர் சொந்தக்காரர், வாசலில் கண்டால் கதை கட்டிவிடுவார்கள். வீட்டிலிருந்தே கொண்டு வருவதாக முடிவெடுத்தார். எப்படிக் கொண்டு வருவது என்று கேட்டாரா? கேட்கவில்லை. வெட்கம்! ஒருநாள் நான் கூடத்தில் இல்லாத நேரம் வந்து, சட்டைப் பையிலிருந்து போத்திலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். சோதித்தோம். ஒன்றுகூட உயிரோடு இல்லை. முடிவை வாங்கியவர் பிறகு வரவில்லை. ஒரு சோதனையை வைத்து ஒன்றையும் முடிவு கட்டக்கூடாது, திரும்பச் செய்யவேண்டும் என்று சொல்வதற்காக அழைத்தேன், அழைத்தேன். அவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை.

மாரிகாலம் போனது. ஒரு மத்தியானம் நிலாந்தினி அழைத்தாள்.

"மிஸ், நாளைக்கு மாமியாக்கள் என்னைத் தாய்வீட்டுக்கு அனுப்பப் போகினம். அண்ணையை வரச்சொல்லிப் போட்டினம். இந்தக் கலியாணத்தை முறிச்சுப்போட்டு அவருக்கு மண்டைதீவிலை பொம்பிளை பாத்திருக்கினம்."

"உங்கடை அவர் என்ன சொல்லுறார்?"

"பேசாமல் இருக்கிறார். அவருக்கு நல்லமெண்டு வந்ததாமெல்லோ மிஸ். அப்ப குறை எனக்குத்தானே?"

அவையோரே! அந்தக் கணம் என் நாக்கு எரிந்தது. அவர் பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சொல்ல முடியாது! ஒருவரின் சோதனை முடிவை அவருக்கன்றி மனைவிக்கும் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் வேலி. வேலியைத் தாண்டினால் நாளை எந்த ஆண் எங்களை நம்பி வருவான்? தாண்டாவிட்டால் நாளை இந்தப் பெண் தெருவில் நிற்பாள். என்ன செய்வது? தவித்துக்கொண்டு வேறொன்று கேட்டேன்: "அவர் அதை எப்பிடிக் கொண்டந்தவர்?"

"ஐஸ்பெட்டியிலைதான் மிஸ். நான்தானே ஐஸ் உடைச்சுப் போட்டனான்."

இப்போது சிரிக்கிறீர்கள். பஸ்ரியாம்பிள்ளை அண்ணை சிரிக்கவில்லை, பார்த்தீர்களா? அவருக்குத் தெரியும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து பட்டணத்துக்குப் பஸ். அந்தத் தூரம் போகிற எதையும் நம் ஆட்கள் ஐஸில் வைத்துத்தான் அனுப்புவார்கள். மூன்று தலைமுறை அனுபவம்! அந்த அனுபவம்தான் அந்த மனிதரைக் கவிழ்த்தது.

மறுநாள் காலைப் படகில் ஏறினேன். நெடுந்தீவு இறங்குதுறையில் ஜெயரூபன் வலை பிரித்துக்கொண்டு நின்றார். தனியே அழைத்துக் கேட்டேன்.

"அண்ணை, போத்திலை ஐஸுக்கையோ வைச்சுக் கொண்டந்தனீங்கள்?"

"பின்னை? பழுதாப் போகாதோ? ஆஸ்பத்திரி வாசலிலைதான் எடுத்துச் சட்டைப் பையுக்கை வைச்சனான்."

"மீன்தான் அண்ணை ஐஸிலை பழுதாகாது. இது ஐஸிலை செத்துப்போம். உடம்புச் சூட்டோடை, ஒரு மணித்தியாலத்துக்குள்ளை வரவேணும். அந்தச் சோதனை செல்லாது."

அவர் அப்படியே மணலில் குந்திவிட்டார். "அப்ப எனக்கு ஒண்டுமில்லையோ?"

"தெரியாது. இருக்கவும் கூடும், இல்லாமலும் இருக்கக்கூடும்."

அவர் கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். பிறகு கேட்டார், "நீங்கள் அவளுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"நான் சொல்ல ஏலாது. நீங்கள்தான் சொல்லவேணும்."

பெரியோரே, அந்த மனிதர் நின்ற இடத்தில் நின்று பாருங்கள்! அதுவரை அவர் சொன்னது பொய். இப்போது அந்தப் பொய் மெய்யாகவும் இருக்கலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மனைவி பின்னேரப் படகில் போய்விடுவாள். ஊர் அவளைத்தான் பேசும். உண்மையைச் சொல்லச் சொல்லி அவரை நெருக்கும் சான்று ஒன்றுகூட மிச்சமில்லை. சோதனை செல்லாது என்று சொல்லி அதை அழித்தவளே நான்தான்! அவர் எழும்பி நடந்தார். நான் பின்னால் நடந்தேன்.

முற்றத்தில் நிலாந்தினியின் பெட்டி கட்டியிருந்தது. தமையன் பக்கத்தில் நின்றான். ஜெயரூபனின் தாயார் பார்வதிப்பிள்ளை கதிரை போட்டு வாசலை மறித்து இருந்தார்.

"பெட்டியை உள்ளை வையுங்கோ" என்றார் ஜெயரூபன்.

"என்னடா விசர்க்கதை?"

"குறை எனக்கெண்டுதான் ஆஸ்பத்திரியிலை சொன்னவை அம்மா. நான் மறைச்சுப்போட்டன்."

ஐஸ் என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை. செல்லாத சோதனை என்று சொல்லவில்லை. இருக்கலாம், இல்லாமலிருக்கலாம் என்று இழுக்கவில்லை. தப்பும் வழி திறந்திருக்க, அதைத் தானே சாத்திவிட்டு நின்றார். கடலில் அவர் எத்தனை புயலைக் கண்டாரோ அறியேன். அவர் காட்டிய துணிவை அந்த முற்றத்தில்தான் கண்டேன்.

தாயார் என்ன சொன்னார்? அழுதாரா, அரற்றினாரா? "அப்ப மண்டைதீவு ஆக்களுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?" என்றார்! சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அங்கே ஒருத்தி சிரிக்கவில்லை.

நிலாந்தினி புருஷனைக் கட்டிக்கொண்டு அழுதாள் என்று நினைப்பீர்கள். இல்லை. நேரே பார்த்துக் கேட்டாள்: "எப்பத் தெரியும்?"

"மாரிக்கு முந்தி."

"மாரிக்கு முந்தித் தெரியும். மாமி என்னை மலடியெண்டு பேசேக்கை, பக்கத்திலை இருந்து நான் போட்ட சோத்தைத் திண்டனீங்கள்."

அவள் தமையன் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீ போ. குற்றம் செய்யாத நான் ஏன் வெளிக்கிடவேணும்?" என்று சொல்லி, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பார்வதிப்பிள்ளை அம்மா கதிரையை நகர்த்தி வழிவிட்டார்.

தலைவர் மணியை அடிக்கிறார். முடிக்கிறேன் ஐயா. முன்வரிசை அக்கா ஏதோ கேட்கிறார், அதற்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "பிறகு பிள்ளை கிடைச்சதோ?" இல்லை அக்கா. இருவரும் சேர்ந்து வந்தார்கள், சோதனையை முறையாகச் செய்தோம். விந்தணு குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. விதைப்பையில் நாளம் புடைத்திருந்தது, சத்திரசிகிச்சை செய்திருக்கிறார்கள். பிள்ளை கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். நிலாந்தினி புருஷனோடு பல நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறாள், அளந்துதான் பேசுகிறாள்.

இந்தக் கதையைச் சொல்ல அவளிடம் அனுமதி கேட்டபோது ஒரு நிபந்தனை வைத்தாள். "அவர் சொன்னதை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கிப் போடாதேங்கோ மிஸ். அவர் சொல்லாமல் இருந்ததையும் சொல்லுங்கோ." சொல்லிவிட்டேன், நிலாந்தினி!

தீவக மக்களே! உடம்பில் குறை வருவது குற்றமா? இல்லை. காய்ச்சல் வருவது குற்றமா? கண் மங்குவது குற்றமா? விந்தணு குறைவது மட்டும் எப்படிக் குற்றமாகும்? ஆண்மை என்று மீசையில் தேடுகிறோம், மார்பில் தேடுகிறோம், மதுவில் தேடுகிறோம். தன் பழியைத் தன் தோளில் தாங்குகிற இடத்தில் தேடினோமா? தெரியாமல் இருந்தால் அது அறியாமை, அதை நான் படித்த படிப்பு தீர்க்கும். தெரிந்தும் பேசாமல் இருந்து, ஒரு பெண்ணின் தலையில் அதைக் கட்டினால், அதைத் தீர்க்க மருந்து இல்லை, மருத்துவர் இல்லை, மன்னிப்பும் இலகுவில் இல்லை!

இந்த மண்டபத்தில் இருக்கும் ஆண்களில் யாரோ ஒருவருக்கு நெஞ்சு இடிக்கிறது என்று எனக்குத் தெரியும். யார் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். வியாழக்கிழமைகளில் நான் யாழ்ப்பாணத்துச் சிகிச்சைக் கூடத்தில் இருப்பேன். உங்கள் மனைவியைத் தனியே அனுப்பாதீர்கள். கூட வாருங்கள். ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். இன்னொரு கதிரை இழுத்துப் போடுவேன், அவ்வளவுதான்.

மணியைத் தாங்கிக்கொண்ட தலைவருக்கும், என்னைத் தாங்கிக்கொண்ட உங்களுக்கும், எழும்பிப் போக நினைத்து எழும்பாமல் இருந்த பஸ்ரியாம்பிள்ளை அண்ணைக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!