கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்க?

கதிர்காமம் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கணவனும் மனைவியும் ஷேர் டெம்போவில் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பேண்டு செட்டுக்காரர் போலிருக்கிறது, அவர் மடியில் பித்தளை டிரம்பெட். அந்த அம்மாவின் மடியில் மாத்திரை கவர்.

“கடைசியா எப்ப சந்தோஷமா இருந்தீங்கன்னு டாக்டரு கேட்டதுக்கு ஏன்யா பொய் சொன்ன?”

“புள்ள பொறந்தப்பன்னு சொன்னேன். அது பொய்யா?”

“அன்னிக்கு நீ ஆஸ்பத்திரிக்கே வரல. ரெட்டியார்பாளையத்துல சாவுக்கு வாசிச்சிக்கிட்டு இருந்த.”

“அத எப்பிடி சொல்றது? சாவுல வாசிச்சா மனசு நல்லா இருக்குது, கல்யாணத்துல வாசிச்சா அழுகையா வருதுன்னா, டாக்டரு என்ன நெனைப்பாரு?”

டெம்போவில் இருந்த நாங்கள் எல்லோரும் வெளியே பார்ப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தோம். அவரே தொடர்ந்தார்.

“கல்யாணத்துல எவன் கேக்குறான்? பாதிப் பாட்டுல பந்திக்கு ஓடிடுறான். சாவுல தெருவே ஆடிக்கிட்டு வருது. செத்தவரு கடைசி வரைக்கும் எழுந்து போவாம கேக்குறாரு.”

அவருடைய போன் அடித்தது. ஆவலாக எடுத்தவர், “சரிங்க, வந்துடுறோம்” என்று வைத்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது.

“யாரு போயிட்டாங்க?”

“யாரும் போவல. கல்யாணம்.”

அந்த அம்மா கவரைப் பிரித்து ஒரு மாத்திரையை நீட்டினார்.

“இப்பவே போட்டுக்க.”