பல்லக்கு நின்ற இடம்

தீனா: இன்னொரு தோசை போடுங்கக்கா. அது வேகறதுக்குள்ள சொல்லிடுங்க. நேத்து சாயங்காலம் சாமி புறப்பாட்டுல பல்லக்கு உங்க வண்டிகிட்ட நின்னுச்சா, நிக்கலையா?

பிரமிளா: லேது சார். லேதே லேது.

தீனா: தமிழ்ல கேட்டா தெலுங்குல இல்லன்றீங்க.

பிரமிளா: ஆபீசருங்களுக்குப் பதில் சொல்றப்ப எனக்கு வாயில தெலுங்குதான் வருது.

தீனா: நான் ஆபீசர் இல்லக்கா. ஊருக்கு பிளான் போடற கம்பெனியில தெரு அளக்கறவன். அரக்கோணத்துலேர்ந்து ரயிலேறித் திருப்பதிக்கு வந்து, உங்க கையால துன்னுட்டு, டேப்பைப் புடிச்சிகினு தெருத்தெருவா சுத்தறவன்.

பிரமிளா: எங்க தெருவை மட்டும் இன்னும் அளந்து முடிக்கல. என் சட்னிதான் காரணம்னு நான் நெனைச்சிகினு இருந்தேன்.

தீனா: சட்னியும் ஒரு காரணந்தான். பேச்சை மாத்தாதீங்க. தோ, கண்ணபிரான் சாமியே வர்றாரு. பல்லக்கு தூக்கறவரு. அவரையே கேட்டுக்கறேன்.

கண்ணபிரான்: என்ன கேக்கப் போறேள்? இருங்கோ, உக்காந்துக்கறேன். பிரமிளா, ஒரு தோசை... மெதுவா, சத்தம் வராம. வெளியில பச்சைத்தண்ணிகூடக் குடிக்க மாட்டார்னு எங்காத்து யதுகிரி அக்கம்பக்கமெல்லாம் சொல்லி வெச்சிருக்கா.

பிரமிளா: நேத்து காலைலகூட வந்து, சாம்பார் உப்பு சரியாயிருக்கான்னு உங்க சம்சாரம் கேட்டுட்டுப் போச்சு சாமி. எல்லாம் தெரியும் அதுக்கு.

கண்ணபிரான்: அப்போ ரெண்டு தோசையாப் போடு.

தீனா: சாமி, பல்லக்கு இங்க நின்னுச்சா?

கண்ணபிரான்: நேத்து நிக்கலே.

தீனா: முந்தாநேத்து?

கண்ணபிரான்: முந்தாநேத்து புறப்பாடே இல்லியே.

தீனா: போன வருஷம் உற்சவத்துல?

கண்ணபிரான்: ...பொடி இருக்கா பிரமிளா?

தீனா: அடுத்த தெருவுல பூக்கடை வெச்சிருக்கற துலுக்காணம் வேற மாதிரி சொல்றாரு. வருஷா வருஷம் பல்லக்கு இந்த சந்து முனையிலதான் நிக்கும், எத்தினி மொழம் பூ வித்தேன்னுகூட ஞாபகம் இருக்குதுன்றாரு.

பிரமிளா: அவனுக்கு நேத்து இன்னா துன்னான்னு ஞாபகம் இருக்காது சார்.

கண்ணபிரான்: அது கெடக்கட்டும். நீங்க அன்னிக்குச் சொன்னேளே, ஓவர்லேன்னு ஒண்ணு. ராத்திரியெல்லாம் யோசிச்சேன், பிடிபடலே. இந்த எடம் குடியிருப்பு வட்டாரம்னு ஏற்கெனவே எழுதியாச்சு. அதும்மேல இன்னொரு வட்டாரம் எப்படி வந்து உக்காரும்?

தீனா: இந்தத் தோசையைப் பாருங்க. இதான் வட்டாரம். வீடு கட்டற எடம், கடை வைக்கற எடம்னு ஊர் மொத்தத்துக்கும் மாவு ஊத்தியாச்சு. இப்ப அது மேல அங்கங்க பொடி தூவறோம். பொடி விழுந்த எடத்துக்கு மட்டும் தனி ருசி, தனி ரூல். அதான் ஓவர்லே. பெருமாள் போற தெரு மேலல்லாம் பொடி விழும்.

கண்ணபிரான்: சரி.

தீனா: அதுலயும் தரம் இருக்குது. தேர் போற அகலத் தெரு ஒண்ணாந்தரம். பல்லக்கு மட்டும் போறது ரெண்டாந்தரம். பல்லக்கை எறக்கி நிறுத்தற எடம் தனித்தரம்.

பிரமிளா: அந்தத் தனித்தரத்துலதான் என் வண்டி இருக்கக்கூடாது. அதையும் சேத்துச் சொல்லுங்க.

தீனா: ...ஆமா. நிறுத்தம்னு எழுதிட்டா, சுத்துப்பக்கம் கடை கண்ணி எதுவும் கூடாது.

பிரமிளா: என் பொண்ணு ஹர்ஷினி சித்தூர்ல நர்சிங் படிக்குது சார். அது படிக்கறது காலேஜ்ல இல்ல, இந்தக் கல்லு மேலதான். இந்த முனையை விட்டு நகந்தா எனக்கு வேற முனை கிடையாது. எல்லா முனையிலயும் ஆளு இருக்குது. அந்த ரூலைக் கொஞ்சம் காட்டுங்க, பாக்கறேன்.

தீனா: இங்கிலீஷ்ல இருக்குதுக்கா.

பிரமிளா: சாமி படிப்பாரு.

தீனா: இன்னும் டிராஃப்ட்தான். லேப்டாப்ல இருக்குது.

பிரமிளா: லேப்டாப் உங்க மடியிலதான இருக்குது.

தீனா: சார்ஜ் இல்ல. ...இப்ப நான் கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. பல்லக்கு இங்க நிக்கலன்னு ரெண்டு பேரும் சொல்றீங்க. சரி, நம்பறேன். ஆனா அடுத்த திருப்பத்துல, கோவர்த்தனன் லாட்ஜ் வாசல்ல நின்னுச்சு. நானே பாத்தேன். ஏன் நின்னுச்சு?

பிரமிளா: கரண்டு கம்பி தொங்கிகினு இருந்துது சார்.

கண்ணபிரான்: மாடு படுத்துண்டிருந்தது.

தீனா: மாடு கம்பியில படுத்துகினு இருந்துதா?

பிரமிளா: கம்பி மாட்டு மேல...

கண்ணபிரான்: பிரமிளா, வேண்டாம். நீ சும்மா இரு.

தீனா: நான் லாட்ஜுக்கு எதிர்லதான் நின்னுகினு இருந்தேன். மாடும் இல்ல, கம்பியும் இல்ல. பின்னால சந்துலேர்ந்து ஒரு அம்மா இடுப்புல பெரிய குடத்தோட ஓடி வந்துச்சு. ஒரு செருப்பு அறுந்து, அதைக் கையில புடிச்சிகினு வந்துச்சு. யாருக்கா அது?

பிரமிளா: ...இருட்டிப் போச்சே. முகமா தெரிஞ்சிருக்கும்?

தீனா: சாயங்காலம் அஞ்சு மணிக்குக்கா.

கண்ணபிரான்: நானே சொல்லிடறேன். சில வருஷம் முந்தி, உற்சவத்தன்னிக்கு நல்ல வெயில். எங்க திருவேங்கடம் மாமா, பல்லக்குத் தூக்கறவாள்ல மூத்தவர், இந்த முனை வந்ததும் தள்ளாடிட்டார். பிரமிளா ஓடி வந்து ஒரு சொம்பு நீர்மோர் குடுத்தா. தாங்குகட்டையைக் குடுத்துப் பல்லக்கை நிறுத்தினோம். மோர் உள்ள போனப்பறம்தான் மாமாவுக்குக் கண்ணு தெரிஞ்சுது. மறு வருஷம் நாங்க கேக்கலே. அவளே குடம் நெறைய வெச்சுண்டு நின்னா. அதிலேர்ந்து ஒவ்வொரு உற்சவத்துக்கும்...

பிரமிளா: சாமி, நீங்க நேத்து நிக்கலன்னு சொல்லுங்க, போதும். அதுல பொய்யே இல்ல.

கண்ணபிரான்: பொய் இல்லேதான். நான் காலைலேர்ந்து பொய்யில்லாம ஏமாத்திண்டிருக்கேன். அதான் தோசை எறங்க மாட்டேங்கறது.

தீனா: நேத்து இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க.

கண்ணபிரான்: நீங்க வந்து பாக்கப் போறேள்னு தெரிஞ்சதும் எங்களுக்குள்ள பேசிண்டோம். இந்த வருஷம் நிக்காம போயிடறது. பிரமிளாவும் குடத்தை எடுக்கறதில்லே. அப்படித்தான் பேச்சு. தாண்டிப் போறச்சே இவ முகத்தைப் பாக்காம தலையைத் திருப்பிண்டுதான் போனோம்.

பிரமிளா: நான் பாத்துட்டேனே. அந்தத் திருவேங்கடம் அய்யாவுக்கு வேர்வை தாரையா எறங்குது. உதடு காஞ்சி கெடக்குது. என் வண்டிக்கோசரம் அந்த மனுசன் விழுந்துட்டா நான் எப்பிடி சோறு துன்றது? குடத்தை எடுத்துகினு பின்னால சந்தால ஓடினேன். பல்லக்கு எங்க எதுத்தாப்புல வந்துச்சோ அங்க குடுத்தேன். அது லாட்ஜ் வாசல். வேணும்னு பண்ணல சார்.

தீனா: வேணும்னு பண்ணீங்கன்னுதான் கோவர்த்தனன் சொல்றாரு. காலைல எனக்கு முந்தி எழுந்து வந்து என்னைப் புடிச்சிகினாரு. என் வாசலைப் போய் நிறுத்தம்னு எழுதாதீங்க, பெருமாள் ஜென்மத்துல என் வாசல்ல நின்னதில்லன்றாரு.

கண்ணபிரான்: அது வாஸ்தவந்தான்.

தீனா: வாசல்ல ஜெனரேட்டர் வெச்சிருக்காரு, போர்டு வெச்சிருக்காரு. எல்லாத்தையும் எடுக்கணுமேன்னு பயம். உங்க மேல ஏற்கெனவே அவருக்குக் கோவம்தானக்கா? வண்டியால லாட்ஜுக்கு வர்ற காருங்க திரும்ப முடியலன்னு.

பிரமிளா: தெனம் ஒரு தடவை கத்துவாரு. நானும் பதிலுக்குக் கத்துவேன்.

தீனா: அப்ப இன்னா கஷ்டம்? பல்லக்கு அங்கதான் நின்னுச்சு, கண்ணால பாத்தேன். அவர் வாசலையே நிறுத்தம்னு எழுதிடறேன். உங்க வண்டி தப்பிச்சிடும். அவரு ஒழியட்டும்.

கண்ணபிரான்: பிரமிளா, அடுப்பைக் கொறை. கருகறது.

பிரமிளா: வாண்டாம் சார்.

தீனா: இன்னா வாண்டாம்?

பிரமிளா: நான் குடத்தை எடுத்துகினு ஓடினேனே தவிர டம்ளரை மறந்துட்டேன். எட்டு பேரு தோள்ல பல்லக்கு, குடத்துல மோரு, ஊத்திக் குடுக்க ஒண்ணும் இல்ல. நான் முழிச்சிகினு நிக்கறேன். அந்தக் கோவர்த்தனன் உள்ள போயி லாட்ஜ் டம்ளரையெல்லாம் ஒரு தட்டுல வாரிகினு வந்தாரு. யாரும் கேக்கல. தானே கழுவிக் கழுவிக் குடுத்தாரு. அவரு வாசலை எழுதினா எனக்கு அந்த டம்ளரு சத்தம் காதுல கேட்டுக்கினே இருக்கும்.

தீனா: அப்ப எங்க எழுதட்டும்? நின்ன எடம்னு ஒண்ணு எழுதியாகணும்.

பிரமிளா: சாமி, நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் வரல.

கண்ணபிரான்: இங்கதான். இந்த முனையிலதான் ஒவ்வொரு வருஷமும் நிக்கறார். நாங்க ஒருத்தர் மாத்தி ஒருத்தர் மோர் குடிச்சு முடிக்கற வரைக்கும், அவசரப்படாம, பெருமாள் காத்துண்டு நிக்கறார் தெரியுமா? தூக்கறவன் தாகம் தீரட்டும்னு அவர் நிக்கறார். அதைப் போய் இல்லேன்னு நான் எந்த வாயால சொல்றது? எழுதிக்கோங்கோ.

தீனா: அக்கா?

பிரமிளா: எழுதிக்கோங்க சார். ஒரே ஒரு ஒதவி. உடனே காலி பண்ணச் சொல்லாதீங்க. பாகாலா ஸ்டேஷன் பக்கம் என் தங்கச்சி இருக்குது. அங்க ஏதாச்சும் முனை கெடைக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்.

கண்ணபிரான்: பாகாலாவா? அப்போ அடுத்த வருஷம் மோருக்கு...

பிரமிளா: உற்சவத்தன்னிக்கு ரயிலேறி வந்துடுவேன் சாமி. குடத்துக்கு டிக்கெட் கேக்க மாட்டாங்க இல்ல?

தீனா: ...எழுதிட்டேன். இந்த சந்து முனை, நிறுத்தம். தங்கச்சி வீட்டுக்கு சும்மா வேணா போயிட்டு வாங்க. வண்டி இங்கயே இருக்கட்டும்.

கண்ணபிரான்: புரியலியே. நிக்கற எடத்துல கடை கூடாதுன்னேளே?

தீனா: அது பொய் சாமி. நெசமான ரூல் அப்பிடியே தலைகீழு. பெருமாள் வழக்கமா நிக்கற எடத்துல இன்னிக்கு எது இருக்குதோ, அதை யாரும் அசைக்கக்கூடாது. தெருவை அகலம் பண்றேன்னுகூட யாரும் வர முடியாது. போன வருஷம் கடலோரம் ஒரு ஊர்ல இதே வேலை. மீன்காரங்க வலை காயப்போடற தெருவுல கை வைக்க மாட்டோம்னு நெசத்தை வெகுளியா சொல்லிட்டேன். மறுநாள் போறேன், பேங்க் கேட் மேல வலை, ஸ்கூல் பஸ் மேல வலை, கல்யாண மண்டபத்து வாழைமரத்துல வலை. நகைக்கடை மொதலாளி, கடல் தண்ணியில காலு நனைச்சிருக்க மாட்டாரு, அவரு தோள்ல ஒரு வலையைப் போட்டுகினு கல்லாவுல உக்காந்திருக்காரு. அதுலதான் புத்தி வந்துச்சு. இந்த ஊர்ல கால் வெச்சதுமே ரூலைத் தலைகீழா மாத்திச் சொல்லிட்டேன். மன்னிச்சிக்குங்கக்கா, உங்க முகத்தைப் பாக்கறப்பல்லாம் சொல்லிடலாமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா பொய்யாலயும் ஒரு தொல்லை சாமி. கேட்ட தெருவுலல்லாம் பெருமாள் எங்கயும் நிக்கறதே இல்ல, ஓட்டமா ஓடறாருன்றாங்க. நஷ்டம்னு தெரிஞ்சும் நிக்கறாருன்னு சொன்னவங்க நீங்க ரெண்டு பேருதான். அதனால தோசையைச் சீக்கிரம் துன்னுட்டு எழுந்துருங்க சாமி, இப்ப நீங்கதான் எங்கூட வந்து பல்லக்கு நிக்கற மிச்ச எடத்தையெல்லாம் காட்டணும்.