என் கண் நல்ல கண்

கைப்பேசியில் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. குரலில் பேசி அனுப்பிவிடுவேன். மடியில் ஷாதி இருப்பான். பதினான்கு வயது மகனைத் தாங்கிப் பிடித்து ரவைக் கஞ்சி ஊட்டுகிறவளுக்குத் தட்டக் கை ஏது? அதனால் குழுவில் எல்லோருக்கும் என் முகத்தைவிடக் குரல்தான் பழக்கம்.

பெருமூளை வாதம் வந்த பிள்ளைகளின் தாய்மார்களுக்கான அந்தக் குழுவை ஸ்ஃபாக்ஸ் நகரில் இதே அறையில் உட்கார்ந்துதான் தொடங்கினேன். வலிப்பு வந்தால் எப்படிப் படுக்க வைப்பது, புரையேறாமல் எப்படி ஊட்டுவது, மாமியார் வாயை எப்படி அடைப்பது, எதைக் கேட்டாலும் சொல்வேன். சங்கத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கும் நீங்களே இதை மறுக்க மாட்டீர்கள்.

நல்ல செய்தியை மட்டும் குழுவில் யாரும் போட மாட்டோம். பிள்ளைக்குத் தலை நின்றால்கூட ஊருக்குச் சொல்வதில்லை, கண் பட்டுவிடும். கண் படாமலிருக்கச் சட்டைக்குள் வெள்ளி மீனைக் குத்திவிட்டு வாயைப் பொத்திக்கொள்வோம். காபெஸ் ஊரிலிருந்து, குழுவில் இருக்கும் வித்தாத் தன் மகள் இஸ்ராவின் வீடியோவை எனக்கு மட்டும் அனுப்பியது அதனால்தான். காலில் அறுவைச் சிகிச்சை முடிந்து, குதிகால் தரையில் பதிய, எதையும் பிடிக்காமல் நடந்து வந்து அம்மா மேல் விழுந்து சிரித்தாள் அந்தக் குழந்தை.

"வேற யாருக்கும் காட்டலக்கா. உங்க கண்ணு நல்ல கண்ணு. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க" என்றாள் வித்தாத்.

நான் மூச்சு விடவில்லை. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஷாதிக்கும் காட்டினேன். அவன் பார்வை அதில் நிற்கவில்லை.

பாதம் மறுபடி வளைந்துவிடாமல் இருக்க இஸ்ராவுக்கு பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட் மாட்டி விட்டிருந்தார்கள். வலிக்கிறது என்று அழுவாள். அந்த அழுகையைப் பதிவு செய்து அனுப்பி, "மனசு கேக்கல, என்னக்கா பண்றது?" என்றாள் வித்தாத்.

அழுதாலும் கழற்றாதே என்று எத்தனையோ தாய்மார்களுக்குச் சொன்னவள் நான். அன்றைக்கு வேறு மாதிரி சொன்னேன்.

"புள்ளைய ஏன்டி இப்படி வதைக்கிற? கழட்டிப் போடு. அதான் நடந்துட்டாளே, கால் தானா பழகிக்கும். டாக்டருக்கென்ன, இந்த அழுகைய அவரா கேக்குறாரு?"

மறுநாள் இஸ்ராவின் குரலே வந்தது. "ஹயாத் பெரியம்மா, இப்ப கால் வலிக்கல." கூடவே ஒரு முத்தம். அன்று எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. அப்போதே மாற்றிச் சொல்லியிருக்கலாம்.

பிறகும் வாய்ப்பு வந்தது. "குதிகால் லேசா தூக்குற மாதிரி இருக்குக்கா, மறுபடி மாட்டவா?" என்று அவளாகவே கேட்டாள். வளர்கிற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொல்லாதே, வீணாகக் கத்துவாள் என்றும் சொல்லிவைத்தேன். மகள் நடை பழகியதையே ஊருக்கு மறைத்தவள் வேறு யாரிடம் போய்க் கேட்பாள்?

இப்போது இஸ்ரா சுவரைப் பிடித்தும் நிற்பதில்லை. இன்னொரு முறை அறுத்தாலும் பழையபடி வராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டாராம். யார் கழற்றச் சொன்னது என்று அவர் சத்தம் போட்டபோது, "ஹயாத் அக்கா நல்லதுக்குத்தான் சொன்னாங்க" என்று வித்தாத் எனக்காக மல்லுக்கு நின்றாளாம். நீங்கள் அதைச் சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் குழந்தையின் முத்தத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

இப்போது அவளும் எங்களைப்போலக் குழுவில் அழுகிறாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்கிறாள். கண்ணாவது மண்ணாவது என்று நான்தான் தினமும் தேற்றுகிறேன்.

ஆமாம், கால் போய்விடும் என்று தெரிந்தேதான் கழற்றச் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் கண் நல்ல கண் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்தக் குரலை அழிக்காமல் வைத்திருக்கிறேன், போட்டுக் காட்டட்டுமா?