டைம் கேட்ட பொண்ணு

அண்ணனூரில் மின்சார ரயிலில் ஏறிய இருவர் கதவோரம் என் பக்கத்தில் நின்றார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனிச் சட்டை. மூத்தவர் கையில் பேடா டப்பா.

"இன்னா அண்ணாத்தே, பொண்ணுக்கு காலேஜ்ல சீட்டு கெடச்சிடுச்சா?"

"இல்லப்பா. இன்னா படிக்கிறதுன்னே தெர்லன்னு சொல்லிடுச்சு. அதுக்குதான் ஸ்வீட்டு." மூத்தவர் ஒரு பேடாவை எடுத்து இளையவர் கையில் வைத்தார்.

எதிரே ஓர் இருக்கை காலியானது. பேச்சை விட மனமில்லாமல் நான் போய் உட்காரவில்லை.

"பிளஸ் டூ முடிச்ச புள்ள தெர்லன்னு சொல்லுது, நீ பேடா குடுத்துகினு கீறியே?"

"நான் டென்த் பாஸ் பண்ண மறுநாளே எங்க நைனா என்னை பாடி பக்கம் ஒரு லேத் பட்டறைல சேத்துட்டாரு. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, ஊட்ல அடுப்பெரியணும். தங்கச்சி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போச்சு. இன்னா புடிக்கும்னு எங்களை யாரும் கேக்கல. எம் பொண்ணு, 'யோசிச்சு சொல்றேன், டைம் குடுப்பா'ங்குது. எடுத்துக்கோம்மான்னு சொல்ல முடிஞ்சுதே என்னால! என் சம்சாரமும் வேலைக்குப் போவலன்னா அந்த வார்த்தை என் வாயில வந்துருக்குமா? மொதல் பேடா அவளுக்குதான் குடுத்தேன்."

இளையவர் கையிலேயே வைத்திருந்த பேடாவை வாயில் போட்டுக்கொண்டார்.

"அப்பறம் பொண்ணு இன்னா சொல்லுச்சு?"

"'நீ இன்னாவா ஆவணும்னு நெனச்சேப்பா'ன்னு கேட்டுச்சு."

"நீ இன்னா சொன்ன?"

பட்டரவாக்கம் வந்துவிட்டது. டப்பாவை மூடி, இறங்கத் தயாராகிக்கொண்டே அவர் சொன்னார்:

"'எனக்கும் கொஞ்சம் டைம் குடும்மா'ன்னேன்."